பொம்மையின் விலை எங்கே இருக்கிறது?

மாணவர்களே, உங்கள் மேஜைமீது இரண்டு பொம்மைகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை உயரமுள்ள பிளாஸ்டிக் பொம்மை. வீடியோ விளையாட்டு ஒன்றில் வரும் சாமுஸ் என்ற விண்வெளி வீராங்கனையின் உருவம் அது. அவளுடைய வலக்கையில் பீரங்கிக் குழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். முதல் பொம்மை அப்படியே இருக்கிறது. இரண்டாவது பொம்மையில் தொழிற்சாலையில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. இடக்கை இருக்க வேண்டிய இடத்திலும் இன்னொரு பீரங்கிக் குழலே ஒட்டப்பட்டுவிட்டது.

இவற்றில் எதன் விலை அதிகம்? தவறாகச் செய்த பொருளைத் தள்ளுபடியில் அல்லவா விற்பார்கள்? நடந்தது வேறு. சரியான பொம்மை அமெரிக்கக் கடைகளில் 12.99 டாலருக்கு விற்றது. தவறான பொம்மையோ 2014 டிசம்பரில் ஈபே ஏலத்தில் 2,500 டாலருக்குப் போயிற்று. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 192 மடங்கு!

இந்தப் பொம்மைகளைப் பற்றி என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் கேட்டான். “சார், என் பெரியம்மா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். என்னிடம் சேமிப்புப் பணம் கொஞ்சம் இருக்கிறது. அவனை நான்கு பொம்மை வாங்கச் சொல்லிப் பெட்டியைப் பிரிக்காமல் பத்து வருஷம் வைத்திருந்தால் நல்ல விலை போகுமாமே? வாங்கலாமா?” இயற்பியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோது, இந்தப் பொம்மைக்குள் இயற்பியல் நிறைய இருக்கிறது, அதன் விலைக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்தது. அவனுக்குச் சொன்னதையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

அமீபா அல்ல, அமீபோ

இந்தப் பொம்மைகளுக்கு ‘அமீபோ’ என்று பெயர். நீங்கள் உயிரியலில் படித்த அமீபாவுக்கும் இதற்கும் உறவில்லை. இவற்றை வெளியிடுவது ஜப்பானின் கியோட்டோ நகரத்திலுள்ள நின்டெண்டோ நிறுவனம். 1889-இல் சீட்டாட்டச் சீட்டுகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் பிற்காலத்தில் வீடியோ விளையாட்டுகளால் உலகப் புகழ் பெற்றது.

விளையாட்டுப் பொம்மையையும் வீடியோ விளையாட்டையும் இணைக்கும் எண்ணம் அதற்கு முன்பே செயலுக்கு வந்துவிட்டது. 2011-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் ‘ஸ்கைலேண்டர்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. ஒரு சிறு மேடைமீது பொம்மையை வைத்தால், அதே பாத்திரம் திரையில் உயிர்பெற்று ஓடும். 2013-இல் டிஸ்னி நிறுவனம் ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’யுடன் களத்தில் இறங்கியது. 2014 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் முதல் 12 அமீபோ பொம்மைகள் கடைக்கு வந்தன.

விளையாட்டுக் கருவியின் குறிப்பிட்ட ஓரிடத்தில் பொம்மையின் பீடத்தை வைத்தால் போதும். ‘இது சாமுஸ்’, ‘இது மாரியோ’ என்று கருவி தெரிந்துகொள்கிறது. சில விளையாட்டுகளில் பொம்மைக்குரிய பாத்திரம் உங்களோடு மோதிப் பழகிய அனுபவமும் பொம்மைக்குள்ளேயே பதிவாகிறது. மறுநாள் அதை நண்பன் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், அங்கும் அது நேற்றுக் கற்றதை மறப்பதில்லை.

ஆனால் பொம்மையை எவ்வளவு தேடினாலும் அதில் மின்கலம் இராது, கம்பி இராது, பொத்தானும் இராது. பிறகு எப்படி வேலை செய்கிறது?

மின்கலம் இல்லாத மின்கருவி

விடையை 1831-ஆம் ஆண்டே மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்துவிட்டார். ஒரு கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறும்போது, அச்சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டருடன் இணைத்த சுருளுக்குள் சட்டக் காந்தத்தை நுழைத்து, முள் விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தம் அசையாமல் நின்றால் முள்ளும் நின்றுவிடும். மாற்றம் இருந்தால்தான் மின்சாரம்.

அமீபோவின் பீடத்துக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும், அதனுடன் இணைந்த மிகச் சிறிய சில்லு ஒன்றும் இருக்கின்றன. விளையாட்டுக் கருவியிலும் ஒரு சுருள் உண்டு. கருவியின் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதன் அதிர்வெண் 13.56 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை. அதே வேகத்தில் சுருளைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறுகிறது. பொம்மையை அருகில் கொண்டுவந்தால் அதன் சுருளில் மின்னியக்கு விசை பிறக்கிறது. அந்த மின்சாரமே சில்லை விழிக்கச் செய்கிறது. பொம்மையை எடுத்துவிட்டால் சில்லு மறுபடி உறங்கிவிடும்.

விழித்த சில்லு எப்படிப் பதில் சொல்கிறது? ஊஞ்சலில் ஒரு குழந்தையை வைத்து நீங்கள் ஆட்டுவதாக நினையுங்கள். குழந்தை வாய்திறக்காமல் காலைத் தரையில் தேய்த்தால், ஊஞ்சல் கனப்பதை உங்கள் கை உணரும். காலைத் தூக்கிக்கொண்டால் மறுபடி இலகுவாகும். தேய்ப்பதும் தூக்குவதுமாக ஒரு வரிசையை ஏற்படுத்திக்கொண்டால், குழந்தை உங்களுக்குச் செய்தியே அனுப்பலாம்! சில்லு செய்வதும் இதுதான். தன் சுருளின்மீதுள்ள மின்சுமையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. அந்த மாற்றத்தைக் கருவியின் சுருள் உணர்ந்து, 0, 1 என்ற எண்களாகப் படித்துக்கொள்கிறது.

ஏன் பொம்மையை அவ்வளவு நெருக்கமாக வைக்க வேண்டும்? 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 22 மீட்டர் வரும். நாம் இயங்கும் தொலைவோ சில சென்டிமீட்டர். ஆகவே இங்கே வேலை செய்வது விண்வெளியில் பரவிச் செல்லும் வானொலி அலை அன்று. சுருளை ஒட்டியே நிற்கும் காந்தப் புலம். இது தொலைவு கூடும்போது மிக வேகமாகக் குன்றும். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டால், அதன் மையத்திலுள்ள புலத்தோடு ஒப்பிட, அச்சில் 4 சென்டிமீட்டர் தள்ளி 11-இல் ஒரு பங்குதான் இருக்கும். 10 சென்டிமீட்டர் தள்ளினால் 130-இல் ஒரு பங்குக்கும் குறைவு. இதனால்தான் இம்முறைக்கு ‘அண்மைப் புலத் தொடர்பு’ என்று பெயர், சுருக்கமாக என்.எஃப்.சி. வாயிலில் அட்டையைக் காட்டி மெட்ரோ ரயிலுக்குள் நுழைகிறோமே, அங்கும் இத்தகைய சுருளும் சில்லுமே வேலை செய்கின்றன.

இருபது சொல் அடங்கும் இடம்

அமீபோவிலுள்ள சில்லு ‘என்டாக் 215’ என்ற வகையைச் சேர்ந்தது. இதன் நினைவகம் மொத்தம் 540 பைட். இது எவ்வளவு சிறியது தெரியுமா? கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்குறியைச் சேமிக்கப் பொதுவாக 3 பைட் வேண்டும். ஆகவே 540 பைட்டில் 180 குறிகள். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகளாதலால் பதினைந்து இருபது சொற்களோடு இடம் தீர்ந்துவிடும். ‘நான் இன்ன பாத்திரம்’ என்ற அடையாளமும், விளையாட்டு எழுதிவைக்கும் சில குறிப்புகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பெரிய விளையாட்டு முழுவதும் கருவியில்தான் இருக்கிறது. பொம்மை ஒரு சாவி மட்டுமே.

இனி நமது இரட்டைப் பீரங்கி சாமுஸிடம் திரும்புவோம். அவளுக்கு இரண்டு பீரங்கி இருப்பது சில்லுக்குத் தெரியுமா? தெரியாது. சில்லு பீடத்தில் இருக்கிறது. கைகள் மேலே இருக்கின்றன. இரு பொம்மைகளையும் கருவிமீது வைத்தால் இரண்டும் ‘சாமுஸ்’ என்றே சொல்லும். திரையிலும் ஒரே பீரங்கியுடன் ஒரே வீராங்கனைதான் வருவாள். மின்னியலின்படி இரண்டும் ஒன்றே. பொருளின் பயன்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால், இரண்டின் விலையும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

விலை ஏறிய கதை

முதல் 12 பொம்மைகளில் மாரியோ, பிக்காச்சு போன்ற புகழ்பெற்ற பாத்திரங்களைக் கடைக்காரர்கள் நிறைய வரவழைத்தார்கள். மார்த், வில்லேஜர், வீ ஃபிட் டிரெய்னர் என்ற மூன்றும் அவ்வளவாகப் பெயர் பெறாதவை. ஆகவே குறைவாகவே வந்தன. சில வாரங்களில் அந்த மூன்றும் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. சில பொம்மைகள் முதல் சரக்கு தீர்ந்தபின் மறுபடி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாமென 2014 டிசம்பரில் நின்டெண்டோ அறிவித்தது. உடனே மறுவிற்பனைச் சந்தையில் அவற்றின் விலை கடை விலையைப் போலப் பல மடங்காயிற்று. கவனியுங்கள்: யாரும் அதிகம் விரும்பாதவை என்று கருதப்பட்ட பொம்மைகளே அரியவையாகிவிட்டன!

வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. அப்போது அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் தொழில் தகராறு நடந்துகொண்டிருந்தது. சரக்கு இறங்கத் தாமதமாயிற்று. லூக்காரியோ ஒரு கடைத்தொடரில் மட்டும், ரோசலினா வேறொன்றில் மட்டும் என்று சில பொம்மைகள் பங்கிடப்பட்டிருந்தன. 2015 ஏப்ரலில் புதிய பொம்மைகளுக்கு முன்பதிவு தொடங்கியபோது, கூட்டத்தைத் தாங்காமல் ஒரு பெரிய கடைத்தொடரின் கணினிகளே திணறிப்போயின.

அப்படியென்றால் பொம்மைகளே குறைவா? இல்லை. 2015 மார்ச் முடிய உலகெங்கும் சுமார் 1 கோடியே 5 லட்சம் அமீபோ விற்றிருந்தது. பொம்மைகள் மலைபோல இருந்தன. தட்டுப்பாடு சில பாத்திரங்களுக்கு, சில ஊர்களில், சில வாரங்களுக்கு மட்டுமே.

பத்துச் சீட்டுச் சோதனை

தட்டுப்பாடு விலையை எப்படி உயர்த்துகிறது என்பதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். பத்து மாணவர்களிடம் ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள். ஒரு பொம்மைக்கு அதிகபட்சம் தான் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். ஒருவர் 100 ரூபாய், அடுத்தவர் 90, அதற்கடுத்தவர் 80 என இறங்கிக் கடைசி மாணவர் 10 ரூபாய் எழுதுவதாகக் கொள்வோம்.

கடையில் 8 பொம்மைகள் உள்ளன. விலை 30 ரூபாய் என்றால் 100 முதல் 30 வரை எழுதிய எட்டுப் பேரும் வாங்குவார்கள். பொம்மையும் தீர்ந்தது, ஆளும் தீர்ந்தது.

இப்போது கடையில் 2 பொம்மைகள் மட்டுமே உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ரூபாய்க்கு எட்டுக் கைகள் நீளும், பொம்மையோ இரண்டு. விலையைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். 40 ரூபாயில் ஏழு கைகள், 60 ரூபாயில் ஐந்து, 80 ரூபாயில் மூன்று. 80-ஐத் தாண்டி, 85 ரூபாய் என்றால்தான் இரண்டு கைகள் மிஞ்சும். விலை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது!

இதற்கிடையில் பொம்மையில் ஏதாவது மாறியதா? ஓர் அணுகூட மாறவில்லை. மாணவர்களின் விருப்பமும் மாறவில்லை; சீட்டில் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. எண்ணிக்கை ஒன்றுதான் மாறியது.

பயன் மாறினாலும் விலை மாறும் என்பது உண்மையே. 2017 மார்ச்சில் ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ என்ற விளையாட்டு வெளிவந்தது. முந்தைய ஆண்டு வெளியான ஓநாய் வடிவ ‘உல்ஃப் லிங்க்’ பொம்மையை அதில் வைத்தால், ஒரு ஓநாய் துணைக்கு வந்தது. அதுவரை சும்மா கிடந்த பொம்மைக்குக் கிராக்கி பிறந்தது, விலை ஏறியது. இது, வகுப்பிலுள்ள பத்துப் பேரும் தங்கள் சீட்டுகளில் கூடுதல் தொகை எழுதுவதற்கு ஒப்பாகும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. சில்லிலுள்ள விவரத்தை ஆர்வலர்கள் சிலர் படித்து, மலிவான வெற்றுச் சில்லுகளில் பதித்துக் காட்டிவிட்டார்கள். ஓநாய் அவற்றிலும் வந்தது. அப்படியிருந்தும் அசல் பொம்மைக்குச் சேகரிப்பவர்கள் அதிக விலையே கொடுத்தார்கள். ஆகவே அவர்கள் ஓநாயை மட்டும் வாங்கவில்லை. ‘அசல்’ என்ற சொல்லையும் சேர்த்து வாங்கினார்கள்.

கிண்ணமும் கோலிக்குண்டும்

தட்டுப்பாட்டோடு விலையேற்றம் நின்றுவிட்டால் ஆபத்தில்லை. இன்னொரு கட்டம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கிண்ணமும் ஒரு கோலிக்குண்டும் போதும்.

கிண்ணத்துக்குள் குண்டைப் போட்டு விரலால் சற்றுத் தள்ளுங்கள். அது மேலே ஏறி, மறுபடி நடுவுக்கே திரும்பும். விலகல் அதிகமாக அதிகமாக, திருப்பி இழுக்கும் விசையும் அதிகமாகிறது. இதை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம். சாதாரணச் சந்தையும் இப்படித்தான். தக்காளி விலை ஏறினால் மக்கள் குறைவாக வாங்குவார்கள், வெளியூர்த் தக்காளியும் வந்து சேரும், விலை இறங்கிவிடும்.

இப்போது கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் உச்சியில் குண்டை வையுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும். நகர்வே நகர்வை வளர்த்து, குண்டு உருண்டோடிவிடும். இது நேர்ப் பின்னூட்டம்.

சேகரிப்புப் பொருள்களின் சந்தையில் கிண்ணம் கவிழ்வது எப்போது? விளையாடுவதற்காக அல்லாமல், விற்பதற்காகவே வாங்குவோர் நுழையும்போது. பத்துச் சீட்டுச் சோதனையில் 60 ரூபாய் எழுதிய மாணவர், விலை 85 ஆனதைப் பார்க்கிறார். ‘அடுத்த மாதம் 120-க்கு விற்றுவிடலாமே’ என்று எண்ணித் தம் சீட்டை அடித்து 110 என்று எழுதுகிறார். இப்போது 110, 100, 90 என்று மூன்று கைகள். பொம்மை இரண்டுதான், விலை 90-ஐத் தாண்டிவிடும். அதைப் பார்த்து இன்னொருவர் தம் சீட்டைத் திருத்துவார். விலை ஏறியதனாலேயே விலை ஏறுகிறது!

2021 மார்ச் 26 அன்று அமெரிக்காவில் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். ‘அனிமல் கிராசிங்’ விளையாட்டுக்கான சான்ரியோ அமீபோ அட்டைகள், பொட்டலம் 5.99 டாலர் விலையில், ஒரே ஒரு கடைத்தொடரில் விற்பனைக்கு வந்தன. வந்த வேகத்தில் தீர்ந்தன. சில மணி நேரத்துக்குள் அவை இணையச் சந்தையில் கூடுதல் விலைக்கு வந்துவிட்டன. ஆசைப்பட்ட குழந்தைகள் வெறுங்கையோடு நின்றனர். அவர்களுக்கும் அட்டைக்கும் இடையில், அட்டையை விளையாடவே விரும்பாத ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

கவிழ்ந்த கிண்ணத்திலிருந்து உருண்ட குண்டு எங்கே போகும்? ஒருபுறமே போகும் என்று யாரும் உறுதி கூற முடியாது. 2015-இல் நின்டெண்டோ மார்த் பொம்மையை மறுபடி தயாரித்து அனுப்பியது. அரிது என்று பதுக்கி வைத்திருந்தவர்களின் கணக்கு ஒரே அறிவிப்பில் மாறிப்போயிற்று. நீங்கள் வாங்கும் பொருளின் அச்சு இன்னும் தொழிற்சாலையில் பத்திரமாக இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

பெட்டிக்குள் அடைபட்ட பொம்மை

சேகரிப்போர் எல்லாரும் சொல்லும் விதி ஒன்று உண்டு: ‘பெட்டியைத் திறக்காதே.’ திறக்காத பெட்டிக்கே அதிக விலை.

இதை இயற்பியலோடு சேர்த்துப் பாருங்கள். கடையிலேயே யாராவது கருவியைப் பெட்டியருகே நீட்டிச் சில்லைப் படித்துவிட்டால் என்ன செய்வது? அதைத் தடுக்க அமீபோ பெட்டியில் பீடத்துக்கு அடியில் ஓர் உலோகத் தகடு வைக்கப்பட்டது. மாறும் காந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. லென்ஸ் விதிப்படி அவை தம்மைத் தூண்டிய மாற்றத்தையே எதிர்க்கின்றன. ஆகவே புலம் சுருளைச் சென்றடைவதில்லை, சில்லு விழிப்பதில்லை.

அதாவது, பெட்டிக்குள் இருக்கும்வரை அந்தப் பொம்மையால் எந்த வேலையும் செய்ய முடியாது. அந்த நிலையில்தான் அதற்கு விலை அதிகம்! வேலை செய்யத் தொடங்கிய மறுகணம் விலை இறங்குகிறது.

பெட்டிக்குள் இருந்தால் பொருள் அப்படியே இருந்துவிடுமா? காலம் பெட்டிக்குள்ளும் ஓடுகிறது. சில்லு தன் நினைவை, மின்காப்புச் சுவரால் சூழப்பட்ட நுண்ணிய பள்ளங்களில் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதன்மூலம் காக்கிறது. எவ்வளவு நல்ல சுவராயினும் எலெக்ட்ரான் சிறிது சிறிதாகக் கசியும். இந்த வகைச் சில்லுக்கு உற்பத்தியாளர் தரும் உறுதி 10 ஆண்டு. பத்தாண்டு முடிந்த அன்றே நினைவு அழிந்துவிடும் என்பது இதன் பொருளன்று. 2014-இல் வந்த பொம்மைகள் பல இன்றும் வேலை செய்கின்றன. ஆனால் அதற்குமேல் உறுதி இல்லை.

பிளாஸ்டிக்கும் மூப்படைகிறது. இத்தகைய பொம்மைகளில் பெரும்பாலும் பயன்படும் பி.வி.சி., வெப்பத்தாலும் புற ஊதாக் கதிராலும் மெல்லச் சிதைந்து மஞ்சளாகும். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுக்கும். மாடியறையின் வெயிலில் வைத்த பெட்டிக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

லாபக் கணக்கு

‘பத்து வருடத்தில் நான்கு மடங்கு’ என்ற பேச்சை இப்போது சோதிப்போம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

13 டாலர் பொம்மை 10 ஆண்டில் 52 டாலர் ஆகிறது. அதாவது 5 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 72-ஐ இரட்டிக்கும் ஆண்டால் வகுத்தால் கூட்டு வட்டி வீதம் தோராயமாகக் கிடைக்கும்: 72 ÷ 5 = 14.4 சதவீதம். மிக நல்ல வட்டிதான்!

ஆனால் எந்தப் பொம்மை ஏறும் என்று முன்கூட்டித் தெரியாதே? ஆகவே 10 வகையில் ஒவ்வொன்று வாங்குகிறீர்கள். செலவு 130 டாலர். ஒன்று நான்கு மடங்காகி 52 டாலர் தருகிறது. மற்ற ஒன்பதும் பாதி விலைக்கு, 6.50 டாலருக்குப் போகின்றன என்று கொள்வோம், 58.50 டாலர். மொத்தம் 110.50. பத்தாண்டு காத்திருந்து 19.50 டாலர் நட்டம்! அனுப்பும் செலவு, சந்தைக்காரரின் கழிவு, பணவீக்கம் எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

நமக்குக் காதில் விழுவதோ அந்த ஒரு 52 டாலர் பொம்மையின் கதை மட்டுமே. மற்ற ஒன்பதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் பத்து அளவீடு எடுத்து, நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பதிவேட்டில் எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? சந்தைச் செய்திகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

இன்னொன்று. விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. யார் வேண்டுமானாலும் எந்தப் பொம்மைக்கும் ஆயிரம் டாலர் என்று எழுதி வைக்கலாம். அது அளவீடு அன்று, ஆசை. கைமாறிய தொகையே அளவீடு.

முழு வரிசைகளே மறைந்துபோனதும் உண்டு. டிஸ்னி இன்ஃபினிட்டி 2016-இல் நிறுத்தப்பட்டது. ‘லெகோ டைமென்ஷன்ஸ்’ 2015-இல் வந்து 2017-இல் ஓய்ந்தது. சாவி இருக்கிறது, புதுப் பூட்டுச் செய்வார் இல்லை. அமீபோ மட்டும் தொடர்ந்து வெளிவந்து, 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 கருவியிலும் வேலை செய்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் அமீபோக்களின் கடை விலையை நின்டெண்டோவே உயர்த்தியது. விலை ஏறுவதற்குச் சேகரிப்பவர்களின் ஆசைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதுமில்லை.

விலை எங்கே இருக்கிறது?

1 கிலோகிராம் கல்லை 1 மீட்டர் உயர மேஜைமீது வையுங்கள். அதன் நிலையாற்றல் எவ்வளவு? ‘9.8 ஜூல்’ என்பீர்கள். எதைப் பொறுத்து? தரையைப் பொறுத்து. மேஜையருகே 10 மீட்டர் ஆழக் கிணறு இருந்தால், அதன் அடியைப் பொறுத்து அதே கல்லுக்கு 107.8 ஜூல். கல்லை வெட்டிப் பார்த்தால் அந்த ஆற்றலைக் காண முடியுமா? முடியாது. அது கல்லுக்குள் இல்லை. கல்லுக்கும் பூமிக்கும் உள்ள உறவில் இருக்கிறது. நிறையோ கல்லுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே கொண்டுபோனாலும் உடன் வரும்.

பொம்மையின் சுருள், சில்லு, 540 பைட் இவையெல்லாம் நிறையைப் போன்றவை. அவை பொம்மைக்குள் இருக்கின்றன. விலையோ நிலையாற்றலைப் போன்றது. அது பொம்மைக்கும் பொம்மையை விரும்பும் மனிதர்களுக்கும் உள்ள உறவில் இருக்கிறது. அந்த மனிதர்கள் வேறொன்றை விரும்பத் தொடங்கினால், பூட்டிய பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும் பொம்மையின் விலை, பீரோவைத் தொடாமலே இறங்கிவிடும்.

என் மாணவனுக்கு நான் ‘வாங்கு’ என்றும் சொல்லவில்லை, ‘வாங்காதே’ என்றும் சொல்லவில்லை. இரண்டு கேள்வி கேட்டேன். “விலை பாதியானாலும் இந்தப் பொம்மை உன்னிடம் இருப்பதில் உனக்கு மகிழ்ச்சியா? இது உன் செமஸ்டர் கட்டணத்துக்கான பணமா?” முதல் கேள்விக்கு அவன் யோசித்தான். இரண்டாவதற்குத் தலைகுனிந்தான். ஒரு வாரம் கழித்து வந்து, “ஒன்று மட்டும் வாங்கச் சொன்னேன் சார், பெட்டியைப் பிரித்து விளையாடப் போகிறேன்” என்றான். அவன் கணக்குச் சரி என்றே எனக்குத் தோன்றியது.

செய்து பாருங்கள்

1. என்.எஃப்.சி. வசதியுள்ள கைபேசியின் பின்புறத்தில் பழைய மெட்ரோ அட்டை போன்ற ஒன்றை வையுங்கள். கைபேசி ஒலி எழுப்பும். இடையில் ஒரு தாள், ஒரு பிளாஸ்டிக் அடிக்கோல், சமையலறை அலுமினியத் தாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வைத்துச் சோதியுங்கள். எது தடுக்கிறது? ஏன்?

2. அட்டையைச் சிறிது சிறிதாக விலக்கி, எத்தனை சென்டிமீட்டர் வரை கைபேசி அதை உணர்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

3. பத்துச் சீட்டுச் சோதனையை உங்கள் வகுப்பில் நடத்துங்கள். விலையைக் கரும்பலகையில் எழுதியபின், சீட்டைத் திருத்த விரும்புவோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கிண்ணம் எந்த இடத்தில் கவிழ்ந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.